காற்று மெத்தையில் ஒரு பெயர்

வாள் முதலில் ஜெபநேசனின் வாயைத்தான் தேடியிருந்தது. இடது தாடையில் இறங்கி எலும்பைப் பிளந்தது. அடுத்த வெட்டு வலது மணிக்கட்டில் விழுந்து நரம்புகளை அறுத்தது. அவர் திரும்பி ஓட முயன்றபோது மூன்றாவது வெட்டு தோளில் தொடங்கி இடுப்பு வரை முதுகைத் திறந்தது. பட்டப்பகலில், கோப்பாயில், சொந்த வீட்டு முற்றத்தில். வந்தவர்கள் முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். போகிற போக்கில் அவருடைய மோட்டார் சைக்கிளுக்கும் நெருப்பு வைத்துவிட்டுப் போனார்கள்.

இவ்வளவையும் அவருடைய மனைவி பொன்மலர் அழாமல் சொல்லி முடித்தாள். சொல்லும்போது தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கணவனுக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் கஞ்சிக்குப் பால் பிழிய வேண்டும். துருவலையின் பல்லில் அவளுடைய கோபம் முழுவதும் இருந்தது.

"வாய். கை," என்றாள் மிரியம். "கொல்ல வந்தவன் கழுத்தைத் தேடியிருப்பான்."

"வேலை தெரியாத பெடியள் பிள்ளை," என்றார் சந்தியோகு. "இந்தக் காலத்திலை ஒருத்தரும் ஒரு தொழிலையும் ஒழுங்காப் பழகினம் இல்லை."

மிரியம் ஒரு காலத்தில் காப்புறுதிக் கம்பனிக்காகப் பொய் விபத்துகளைப் பிடித்தவள். இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு வெதுப்பகத்தின் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். சந்தியோகு பருத்தித்துறைக்காரர். கடலை விட்டு ஓட்டோவுக்கு வந்தவர். மூடிய பெட்டிக்குள் கிடக்கும் மீன் இன்றையதா நேற்றையதா என்று மணத்தை வைத்தே சொல்லுவார். அலுவலகத்தில் அவருக்கு என்ன பதவி என்று இருவருமே இதுவரை தீர்மானிக்கவில்லை.

வழக்கு இதுதான். ஜெபநேசன் படுக்கையில் கிடக்கும் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பவர். புண்ணுக்கு மருந்து கட்டுவார், ஊசி போடுவார், புரட்டிப் படுக்க வைப்பார். அவர் பார்த்தவர்களில் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக ஒரே மாதிரிக் காய்ச்சல் வந்து இறந்துபோனார்கள். மூன்றாவதாக இறந்த பெண்ணின் மகன் றஞ்சித், செத்தவீட்டிலேயே வைத்து, "ஊசியிலை நஞ்சு ஏத்திக் கொண்டுபோட்டான்" என்று கத்தினான். அதற்கு அடுத்த கிழமை வாள்கள் வந்தன. பொலிஸ் வாள்களைத் தேடுவதை விட்டுவிட்டு ஜெபநேசனின் மருந்துப் பையைக் கொண்டுபோனது.

"ராத்திரியிலையிருந்து இவருக்கும் காச்சல்," என்றாள் பொன்மலர். "அந்த மூண்டு பேருக்கும் வந்த மாதிரியே. இவர் செத்தால் கொலைகாரனாய்ச் சாவார் மிரியம் அக்கா. எனக்கு அது வேண்டாம்."

உள்ளறையில் ஜெபநேசன் கண்மூடிக் கிடந்தார். தாடை கம்பியால் கட்டப்பட்டிருந்தது. வலது கை முழங்கை வரை துணிச்சுற்று. அறைக்குள் எதுவோ சீராக உறுமிக்கொண்டிருந்தது.

"உள்ளுக்கை பிறிஜ் ஓடுது போலை," என்றார் சந்தியோகு. மூக்கைச் சுருக்கினார். "ஆர் வேப்பெண்ணெய் பூசினது? நுளம்புக் கடிக்கோ?"

பொன்மலர் பதில் சொல்வதற்குள் ஜெபநேசனின் கண்கள் பாதி திறந்தன. மிரியத்தைப் பார்த்தார். இடது கையைத் தூக்கிக் கட்டிலை ஓங்கி அடித்தார். மறுபடியும் அடித்தார். பிறகு மாத்திரை மயக்கம் அவரை உள்ளே இழுத்துக்கொண்டது.

"வீட்டுக்குக் கொண்டந்த நாளிலை இருந்து உப்பிடித்தான்," என்றாள் பொன்மலர். "நோவு தாங்கேலாமல் அடிக்கிறாராம். கனகலிங்கம் அண்ணை சொன்னவர்."

பெயர் சொல்லி முடிய ஆளே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் செவ்விளநீர்க் குலை. ஊர் நலன்புரிச் சங்கத் தலைவர்.

"இந்த மனிசன் இல்லாட்டில் நாங்கள் எப்பவோ முடிஞ்சிருப்பம்," என்றாள் பொன்மலர். "சாப்பாடு, மருந்து, படுக்கை எல்லாம் இவர்தான்."

"விடு பிள்ளை, உதெல்லாம் ஒரு கதையே." கனகலிங்கம் குலையை நிலத்தில் வைத்தார். "செத்த மூண்டு பேரிலை முதலாள் என்ரை அம்மா. சென்னையிலை ஒப்பரேசன் செய்து கொண்டந்து, ஜெபநேசன்தான் கடைசி வரைக்கும் பாத்தவர். நான் அவரைக் குறை சொன்னனானே? உவன் றஞ்சித் இருக்கிறான், அவன்தான் ஊரைக் கிளப்பினது. அவனைப் போய்ப் பாருங்கோ."

"பாக்கத்தான் போறம் ஐயா," என்றாள் மிரியம்.

*

ஓட்டோ உரும்பிராய்ப் பக்கம் திரும்பும்போது மிரியம் தொலைபேசியில் டொக்டர் கஜானியைப் பிடித்தாள். ஆய்வுகூடத்தில் கிருமிகளோடு குடித்தனம் நடத்துகிறவள், பள்ளித் தோழி.

"மூண்டு பேரின்ரை இரத்தத்திலையும் ஒரே சாமான்," என்றாள் கஜானி. "கன்டிடா ஓரிஸ். ஒரு மதுவம். எங்கடை மெசின் முதல் அதுக்கு வேறை ஒண்டின்ரை பேரைச் சொன்னது. கொழும்புக்கு அனுப்பித்தான் ஆளைப் பிடிச்சது."

"மதுவம் எண்டால் வெதுப்பகத்திலை பாண் பொங்க வைக்கிறது தானே," என்று முன்னாலிருந்து குரல் கொடுத்தார் சந்தியோகு.

"அதின்ரை சொந்தக்காரன் அண்ணை. ஆனால் குணம் வேறை. வழக்கமாக் குடுக்கிற பங்கசு மருந்து இதுக்குத் தண்ணி மாதிரி. கட்டில் கம்பி, பிளாஸ்டிக், துணி, எதிலையும் கிழமைக்கணக்கா உயிரோடை கிடக்கும். சாதாரணக் கிருமிநாசினிக்கு அசையாது, குளோரின் வேணும். சுகதேகியளை ஒண்டும் செய்யாது. புண்ணோடை படுக்கையிலை கிடக்கிற ஆளுக்குத்தான் யமன்."

"ஜெபநேசனின்ரை கையாலை பரவியிருக்கலாமே?"

"பரவலாம். ஆனால் அவர் பாக்கிற மற்ற ஆக்களையும் சோதிச்சனாங்கள். ஒருத்தரிட்டையும் இல்லை."

மிரியம் தொலைபேசியை வைத்தாள். "ஒரே கை எல்லாரையும் தொட்டிருக்கு, மூண்டு பேர்தான் செத்திருக்கினம். அப்ப கை இல்லை அண்ணை. வேறை ஏதோ ஒரு பொருள் அந்த மூண்டு வீட்டுக்கும் போயிருக்கு."

"பேர் வேறை ஓரிஸ்," என்று முணுமுணுத்தார் சந்தியோகு. "கேக்க வெளிநாட்டு மாப்பிள்ளை மாதிரி இருக்கு. வந்தால் போகமாட்டான் எண்டது சரிதான்."

*

றஞ்சித் சீமெந்துக் கல் அரிந்து விற்பவன். கை ஒவ்வொன்றும் அவன் அரிந்த கல்லைப்போல இருந்தது. மிரியம் ஜெபநேசனின் பெயரைச் சொன்னதும் அவன் வேலியோரம் கிடந்த கொட்டன் தடியை எடுத்தான். முதல் அடியில் ஓட்டோவின் முன்கண்ணாடி நொறுங்கி சந்தியோகுவின் மடியில் விழுந்தது. இரண்டாவது அடி மிரியத்தின் தோளுக்கு வந்தது. அவள் விலகினாள். கொட்டன் ஓட்டோவின் கூரைக் கம்பியை வளைத்தது.

"பரவாயில்லை தம்பி," என்றார் சந்தியோகு, கண்ணாடித் துண்டுகளை மடியிலிருந்து தட்டிக்கொண்டு. "மாசி வெயிலுக்குக் காத்து வேணும் எண்டு நானும் யோசிச்சனான்."

"வெட்டினவன் நானில்லை," என்றான் றஞ்சித். மூச்சு வாங்கியது. "வெட்டியிருந்தால் கழுத்தைத்தான் வெட்டியிருப்பன்."

"அதைத்தான் நானும் சொன்னனான்," என்றாள் மிரியம் அமைதியாக. "உங்கடை அம்மாவைக் கொண்டது எதெண்டு தெரிய வேண்டாமோ?"

கொட்டன் மெல்ல இறங்கியது. அவன் அவர்களை அறைக்குள் கூட்டிப்போனான். தாய் கிடந்த இடம் காலியாக இருந்தது. கட்டில் கால்களின் அடையாளம் நிலத்தில் இருந்தது. சுவரில், கால்மாட்டுப் பக்கம் மட்டும், புதிதாக ஒரு பிளக் பொயின்ற் பொருத்தியிருந்தது.

"படுக்கையிலை கிடந்த மனிசிக்குக் கால்மாட்டிலை என்னத்துக்குக் கறண்ட்?"

"காத்து மெத்தைக்கு," என்றான் றஞ்சித். "மோட்டர் காத்தை அடிச்சடிச்சு மாத்தும். படுக்கைப் புண் வராது. அந்த மெத்தையிலைதான் ஜெபநேசனின்ரை குணம் எனக்குப் பிடிபட்டது. வந்த முதல் நாளே, இதை வெளியாலை எறி, அம்மாவை இதிலை கிடத்தாதை எண்டு கத்தினவன். முதுகு புண்ணாக் கிடக்கிற மனிசியை வெறும் பலகையிலை போடச் சொல்லுறான். கொல்லுற நோக்கம் இல்லாமல் ஆராவது உப்பிடிச் சொல்லுவானே?"

மிரியம் சந்தியோகுவைப் பார்த்தாள்.

"மெத்தை ஆரின்ரை?"

"சங்கத்து வான் கொண்டந்து இறக்கினது. சண்டிலிப்பாயிலை தம்பிராசா எண்ட புகையிலைக் கமக்காரன்ரை வீட்டிலை இருந்து எடுத்ததெண்டு வான்காரன் சொன்னான். ஆரோ செத்த மனிசியின்ரை ஞாபகமாக் குடுத்தது. மோட்டர்ப் பெட்டியிலை பித்தளைத் தகட்டிலை பேர் கிடந்தது. நான் வாசிக்கேல்லை. கண்ணை மூடிக்கொண்டு பிளாஸ்டரை ஒட்டி மறைச்சுப்போட்டன்."

"ஏன்?"

"உயிரோடை கிடக்கிற தாயை, செத்தவளின்ரை பேருக்கு மேலை கிடத்தலாமே?"

"அப்ப தகட்டைக் கழட்டியிருக்கலாமே. நாலு ஆணிதானே," என்றார் சந்தியோகு.

றஞ்சித் அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். "மறைக்கலாம். கழட்டக்கூடாது. அது இன்னொருத்தன்ரை தாயின்ரை பேர்."

றஞ்சித்தின் தாய் இறந்த அடுத்த நாள் அதே வான் வந்து மெத்தையை ஏற்றிப் போய்விட்டது. எங்கே என்று அவன் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இருக்கவில்லை.

*

சண்டிலிப்பாயில் தம்பிராசாவின் புகையிலை ஆளுயரத்துக்கு நின்றது. அவர் முதுகில் மருந்தடிக்கிற மெசினைச் சுமந்தபடி வரம்பில் வந்து நின்றார். மூவரில் இரண்டாவதாக இறந்த தகப்பனைப் பற்றிக் கேட்டதும் மெசினை இறக்கிவைக்கவும் மறந்துபோனார்.

"கனகலிங்கத்தின்ரை தாயின்ரை மெத்தைதான் பிள்ளை. செத்த முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியண்டு சங்கத்துக்குக் குடுத்தது. அதுக்குப் பிறகு முதலிலை எங்கடை ஐயாதான் அதிலை கிடந்தவர். நானும் அந்தப் பேருக்கு மேலை ஒரு சால்வையைக் கட்டித்தான் வைச்சனான்."

"தாயின்ரை மெத்தை இப்பிடி ஊருக்குள்ளை போனதெண்டு காலமை அந்த ஐயா சொல்லேல்லையே," என்று சந்தியோகு மிரியத்தின் காதுக்குள் சொன்னார்.

"ஐயாவுக்குக் காய்ச்சல் வந்ததும் டொக்டர்மார் என்ன சொன்னவை?" என்று கேட்டாள் மிரியம்.

"பங்கசு எண்டவை. மெத்தையிலை இருந்து வந்திருக்கலாம் எண்டு ஜெபநேசன் சொன்னான். பங்கசு எண்டால் அதுக்கு மருந்து என்னட்டை இருக்கே பிள்ளை." தம்பிராசா முதுகிலிருந்த மெசினைத் தட்டிக் காட்டினார். "புகையிலைக்கு அடிக்கிறது. ஒட்டிப் பிடிக்கட்டும் எண்டு கொஞ்சம் வேப்பெண்ணெயும் கலந்து, மெத்தை ஊற ஊற அடிச்சனான். ஒரு நாள் இல்லை, கன நாள். ஐயா தப்பேல்லை. அடுத்த வீட்டுக்காவது சுத்தமாய்ப் போகட்டும் எண்டு அவர் செத்த பிறகும் அடிச்சுத்தான் வான்காரனிட்டைக் குடுத்தனான்."

மிரியம் கஜானிக்கு மறுபடி அழைத்துக் கேட்டாள்.

"தோட்டத்து மருந்தும் நாங்கள் ஆக்களுக்குக் குடுக்கிற மருந்தும் அனேகமா ஒரே குடும்பம்," என்றாள் கஜானி. "அதுக்குச் சாகாமல் தப்பினது, எங்கடைக்கும் சாகாது. கடைசி மனிசிக்கு நாங்கள் என்ன அளவு குடுத்தும் அசையாமல் இருந்ததுக்கு இதுதான் காரணமோ தெரியேல்லை."

சந்தியோகு தம்பிராசாவின் தோளில் கை வைத்தார். "அண்ணை, நீங்கள் அதுக்கு மருந்தடிக்கேல்லை. பயிற்சி குடுத்திருக்கிறியள்."

தம்பிராசா வரம்பிலேயே குந்திவிட்டார். புகையிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மிரியம் கனகலிங்கத்தின் இலக்கத்தை அழுத்தினாள்.

"மெத்தையோ? அதை எப்பவோ எரிச்சாச்சுப் பிள்ளை," என்றது தொலைபேசி. குரல் பதறவில்லை. "றஞ்சித்தின்ரை தாய் போன உடனை நானே முன்னுக்கு நிண்டு எரிச்சனான். ஏன், இப்ப எங்கை நிக்கிறியள்?"

"சண்டிலிப்பாயிலை ஐயா. தம்பிராசா அண்ணையின்ரை தோட்டத்திலை."

"வெயிலுக்கை நிக்காதேங்கோ," என்று அவர் அக்கறையோடு வைத்தார்.

"எரிச்ச ஆளைப் பற்றி என்ன நினைக்கிறியள் அண்ணை?" என்றாள் மிரியம்.

"தாயின்ரை பேரைக் கழட்டவே பயப்பிடுற ஊரிலை," என்றார் சந்தியோகு, "தாயின்ரை பேரை எரிச்சவரெண்டால் பெரிய துணிஞ்ச மனிசன்தான்."

தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் தோட்டத்து ஒழுங்கைக்குள் வந்தன. நான்கு பேர். முகத்தில் துணி. முன்னால் வந்தவன் நிறுத்தாமலே வாளை வீசினான். தேத்தண்ணிக் கோப்பையோடு உயர்ந்த சந்தியோகுவின் முன்கையில் அது இறங்கியது. தோல் வாழைமடல்போல் பிரிந்து தொங்கியது. அவர் மற்றக் கையால் ஓட்டோவின் ஆசனத்துக்கடியில் கிடந்த மண்டாவை இழுத்தார். கடலில் மீன் குத்துகிற ஈட்டி அது. கடலை விட்ட மனிதர் அதை மட்டும் விடவில்லை. பாய்ந்து வந்த இரண்டாமவனின் தொடையில் புகுந்து, அவனைப் பின்னாலிருந்த பூவரச மரத்தோடு சேர்த்துக் குத்தி நிறுத்தியது. அவன் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்துக் கொக்குகள் எழுந்தன.

மூன்றாமவன் மிரியத்தின் கூந்தலைப் பிடித்து வரம்பில் இழுத்து விழுத்தினான். வாள் உயர்ந்தது. அவள் கைக்கு மண்ணாங்கட்டிதான் அகப்பட்டது. எறிந்தாள், படவில்லை. அந்த நேரம் குந்தியிருந்த தம்பிராசா எழுந்தார். ஒரு கையால் மெசினின் பிடியை அடித்தார், மற்றக் கையால் குழாயை நீட்டினார். மருந்து நேராக அவன் கண்ணுக்குள் போனது. அவன் வாளை எறிந்துவிட்டு முகத்தைப் பிறாண்டினான். தம்பிராசா நிறுத்தவில்லை. விழுந்தவனின் வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் அடித்துக்கொண்டே இருந்தார். "என்ரை ஐயாவுக்கு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மிரியம்தான் எழுந்து குழாயைப் பறிக்க வேண்டியிருந்தது.

மற்ற இருவரும் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள்.

மரத்தோடு நின்றவன் அழுதான். "ஆரெண்டு தெரியாது அக்கா. போனிலைதான் இடம் சொல்லுவினம்."

"எனக்குத் தெரியும்," என்றாள் மிரியம். உதட்டிலிருந்து இரத்தத்தைத் துடைத்தாள். "நாங்கள் இங்கை நிக்கிறமெண்டு நான் ஒருத்தருக்குத்தான் சொன்னனான்."

சந்தியோகு சேர்ட்டைக் கிழித்துக் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். சேர்ட் முழுவதும் தெறித்த மருந்து. கட்டுகிற கை நின்றது. துணியை மூக்கருகே கொண்டுபோனார்.

"பிள்ளை."

"என்ன?"

"இந்த மணம். வேப்பெண்ணெயும் மருந்தும். இண்டைக்குக் காலமை நான் இதை மணந்தனான். ஜெபநேசனின்ரை அறையிலை."

மிரியத்துக்குக் காலையில் கேட்ட உறுமல்தான் முதலில் நினைவுக்கு வந்தது. பிறிஜ் அல்ல. பொன்மலரின் வீட்டில் பிறிஜே இல்லை. பிறகு அந்த இடது கை. நோவில் அடிக்கவில்லை. கதைக்க முடியாத, எழுத முடியாத மனிதன், பார்க்க வந்த எல்லாருக்கும் அந்தக் கட்டிலைத்தான் அடித்து அடித்துக் காட்டியிருக்கிறான். முதுகு முழுக்கத் திறந்த வெட்டுக் காயத்தோடு அதன்மேல் கிடந்துகொண்டு.

அவள் பொன்மலருக்கு அழைத்தாள். எடுத்தது ஆண் குரல்.

"பொன்மலர் குசினியிலை," என்றார் கனகலிங்கம். சிறு இடைவெளி. "நீங்கள் இன்னும் சண்டிலிப்பாயிலையோ?"

*

கண்ணாடியில்லாத ஓட்டோவைச் சந்தியோகு ஒற்றைக் கையால் ஓட்டினார். வழியில் மிரியம் கஜானியிடம் அம்புலன்சும் பொலிசும் கேட்டாள். கோப்பாயில் படலையை ஓட்டோவாலேயே தள்ளித் திறந்தார்கள்.

கனகலிங்கம் கட்டிலருகே கதிரையில் இருந்து தோடம்பழம் வெட்டிக்கொண்டிருந்தார். அவர்களுடைய இரத்தத்தைப் பார்த்தும் வெட்டுவதை நிறுத்தவில்லை. பொன்மலர் குசினி வாசலில் திகைத்து நின்றாள். மிரியம் யாரோடும் பேசவில்லை. குனிந்து கட்டில் விரிப்பைத் தூக்கினாள். கீழே சாம்பல்நிறப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. முகப்பில், பிளாஸ்டரின் பசை சட்டம் போட்டதுபோல் நாலு பக்கமும் காய்ந்திருந்தது. சட்டத்துக்குள்ளே நீள்சதுரமாக ஒரு துப்புரவான இடம். நாலு மூலையிலும் ஆணித் துவாரம். தகடு இல்லை.

"எரிச்சனான் எண்டியள் ஐயா."

"சங்கத்திலை இதுபோலை கன மெத்தை இருக்கு பிள்ளை. இது வேறை."

"அப்ப இந்தப் பிளாஸ்டர்ப் பசை? தம்பிராசா அண்ணை பேரைச் சால்வையாலை மறைச்சார். றஞ்சித் பிளாஸ்டராலை மறைச்சான். தாய்தகப்பன் செத்தும் ஒருத்தரும் தகட்டிலை கை வைக்கேல்லை. இந்த ஊரிலை இன்னொருத்தன்ரை தாயின்ரை பேரை ஒருத்தனும் கழட்டமாட்டான். கழட்டிற உரிமை ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருக்கு." அவள் நிமிர்ந்தாள். "மற்ற வீடுகளுக்கு அம்மாவின்ரை பேரோடை அனுப்பினியள். இந்த வீட்டுக்கு மட்டும் பேரைக் கழட்டிப்போட்டு அனுப்பியிருக்கிறியள். இங்கை என்ன நடக்கப் போகுதெண்டு உங்களுக்குத் தெரியும். அதிலை அம்மாவின்ரை பேர் கிடக்கக்கூடாது."

கனகலிங்கத்தின் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தொட்டது. துணிக்குள் ஏதோ நீள்சதுரமாகத் துருத்தியிருந்தது.

"அவன் என்ரை அம்மாவை எரிக்கச் சொன்னவன்," என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "தம்பிராசாவின்ரை தேப்பன் செத்த பிறகு வந்து, அண்ணை, உதை எரியுங்கோ எண்டான். பேரோடை. நான் அம்மாவை ஒருக்கா எரிச்சாச்சு. ரெண்டாம் தரமும் எரிக்கிறதோ? றஞ்சித்தின்ரை தாயும் போன பிறகு, ஊரைக் கூட்டிச் சொல்லப்போறன் எண்டான். என்ரை அம்மா தெய்வானைப்பிள்ளையின்ரை பேராலை சனம் சாகுதெண்டு ஊர் கதைக்கிறதோ? அதுதான் கதைக்கேலாமல் பண்ணச் சொன்னனான்."

"கையையும் சேத்து," என்றார் சந்தியோகு. "எழுதிப்போடுவார் எண்டு."

கனகலிங்கம் எழுந்த வேகம் அந்த வயதுக்கு உரியதல்ல. தோடம்பழக் கத்தி மிரியத்தின் விலாவைத் தேடி வந்தது. அவள் இரண்டு கையாலும் தடுத்தாள். கத்தி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு போய் மறுபடி உயர்ந்தது. அது இறங்கவில்லை. பொன்மலர் துருவலையைப் பலகையோடு தூக்கி அவர் மணிக்கட்டில் அடித்தாள். இரும்புப் பல் எலும்புவரை போய்ச் சிக்கியது. அவள் இழுத்து எடுத்து மறுபடியும் அடித்தாள். ஜெபநேசனுக்கு வெட்டு விழுந்த அதே வலது மணிக்கட்டு.

"சாப்பாடும் தந்தனீங்கள்," என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள்.

சந்தியோகு அவளைப் பிடித்தார். மிரியமும் அவருமாக ஜெபநேசனை விரிப்போடு தூக்கி, கழுவிக் காயவைத்த பாயில் நிலத்தில் கிடத்தினார்கள். நெருப்பாகக் கொதித்தது உடம்பு.

கனகலிங்கம் காலியான மெத்தையின்மேல் குப்புற விழுந்து கிடந்தார். பிளந்த மணிக்கட்டிலிருந்து இரத்தம் மெத்தையின் மடிப்புகளுக்குள் ஓடியது. இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்திருந்தார்.

"எழும்புங்கோ ஐயா," என்றாள் மிரியம். "உங்களுக்குத் திறந்த காயம். எதிலை கிடக்கிறியள் எண்டு உங்களை விட வடிவாத் தெரிஞ்ச ஆள் இல்லை."

அவர் முகத்தை இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டார். இழுத்தார்கள், வரவில்லை. கடைசியில் சந்தியோகு குனிந்து சுவரிலிருந்த செருகியைப் பிடுங்கினார். உறுமல் நின்றது. மெத்தை மெல்ல மெல்ல இளகி, அவரையும் கொண்டு கட்டில் பலகை வரை இறங்கியது.

*

ஜெபநேசனின் காயத்தில் அது இருந்தது. இரத்தத்தில் இன்னும் இறங்கவில்லை. காய்ச்சல் காயத்தின் காய்ச்சல். புகையிலைத் தோட்டம் கண்டிராத வேறு ஒரு மருந்தைக் கஜானி கொழும்பிலிருந்து எடுப்பித்து நாளத்தில் ஏற்றினாள். அடுத்த வாட்டில், பொலிஸ் காவலோடு, வலது மணிக்கட்டில் கட்டுப்போட்ட ஒருவருக்கும் அதே மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவருக்குக் காய்ச்சல் விடவில்லை. பித்தளைத் தகட்டைத் தரும்படி தாதிமாரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அதைப் பொலிஸ் சான்றுப் பொருளாக எடுத்திருந்தது.

மிரியமும் சந்தியோகுவும், ஆளுக்கொரு கைக்கட்டோடு, பார்க்கப் போனார்கள். வாசலில் றஞ்சித் நின்றான். உள்ளே வருவதா விடுவதா என்று தெரியாமல் ஒரு பை தோடம்பழத்தோடு நின்றான்.

"தாடைக்குக் கம்பி போட்ட ஆளுக்குத் தோடம்பழமோ," என்றார் சந்தியோகு. "தா, நான் பொறுப்பெடுக்கிறன்."

ஜெபநேசன் விழித்திருந்தார். அவர்களைக் கண்டதும் இடது கையைத் தூக்கிக் கட்டிலை ஒரு தட்டுத் தட்டினார். பொன்மலருக்கு முகம் வெளிறிவிட்டது.

சந்தியோகு அவசரமாகக் குனிந்தார். கட்டிலுக்குக் கீழே, தலைமாட்டில், கால்மாட்டில் எல்லாம் பார்த்தார். மணந்தும் பார்த்தார். குளோரின் மணம் மூக்கில் ஏறித் தும்மினார்.

"ஒருத்தரின்ரை பேரும் இல்லை அண்ணை," என்றார். "அரசாங்கத்துக் கட்டில். பயப்பிடாமல் படுங்கோ."

கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, விரல்களை விரித்து, கட்டில்மேல் அப்படியே கிடந்தது.